சீரிஸ்: கண்ணில் பட்டுத் தொலைந்து கணக்கில் கிடைத்த கோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் சுற்றுகின்றன என்பது இன்று வகுப்பறையில் ஒரே வரியில் முடிந்துவிடும் விஷயம். பிள்ளைகளும் அதைக் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வரிக்குள் இருப்பவற்றில் முதலாவதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் எல்லாவற்றிலும் பெரியதும் சீரிஸ். அது ஒருவர் கண்ணில் பட்டது, பின்னர் எல்லோர் கண்ணிலிருந்தும் மறைந்தது, கடைசியில் காகிதத்தில் போட்ட கணக்கினால் திரும்பக் கிடைத்தது. வானியல் படிக்காதவர்களுக்கும் இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'சிறுகோள்' என்கிறோம். கோள் என்பதால் அது பூமியைப் போல ஒரு உலகம் என்றும், சிறு என்பதால் அளவில் சின்னது என்றும் சொல்லைக் கேட்டதுமே விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'அஸ்டரொயிட்' என்ற சொல்லுக்கோ உடுவைப் போன்றது என்றுதான் பொருள். 1802இல் வில்லியம் ஹேர்ஷல் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துத் தொலைகாட்டியில் வியாழனைப் பார்த்தால் வட்டமாகத் தெரியும். சீரிஸைப் பார்த்தால் வெறும் ஒளிப்புள்ளி, பக்கத்திலிருக்கும் உடுவுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. நம்முடைய சொல் பொருள் என்ன என்பதைச் சொல்கிறது. அவர்களுடைய சொல் அது கண்ணுக்கு எப்படித் தோன்றியது என்பதைச் சொல்கிறது. ஆயிரக்கணக்கான உடுக்களுக்கு நடுவே உடுவைப் போலவே இருக்கும் ஒன்றை, இது உடு அல்ல என்று கண்டுபிடிப்பது எப்படி? சீரிஸின் கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எண்கள் காட்டிய இடைவெளி

1766இல் டிட்டியஸ் என்ற ஜெர்மன் அறிஞர் ஒரு எண் ஒழுங்கைக் கவனித்தார். 0, 3, 6, 12, 24, 48, 96 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றோடும் 4ஐக் கூட்டிப் பத்தால் வகுங்கள். 0.4, 0.7, 1.0, 1.6, 2.8, 5.2, 10.0 என்று வரும். சூரியனிலிருந்து பூமிக்குள்ள தூரத்தை 1 என்று வைத்தால் புதன் 0.39, வெள்ளி 0.72, பூமி 1, செவ்வாய் 1.52, வியாழன் 5.2, சனி 9.5. ஏறக்குறைய எல்லாமே பொருந்துகின்றன. ஆனால் 2.8 என்ற இடத்தில் எந்தக் கோளும் இல்லை. 1772இல் போடே என்ற வானியலாளர் இதை எடுத்துப் பரப்பியதால் இது டிட்டியஸ் - போடே விதி என்று பெயர் பெற்றது.

முதலில் பலர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1781இல் ஹேர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். விதிப்படி அடுத்த எண் 19.6. யுரேனஸின் தூரமோ 19.2. அதோடு 2.8இலும் ஏதோ இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை உறுதியாகிவிட்டது. 1800 செப்டெம்பரில் ஜெர்மனியின் லிலியென்தால் என்ற ஊரில் சாக், ஓல்பர்ஸ், ஷ்ரோட்டர் முதலிய வானியலாளர்கள் கூடினார்கள். சூரியனும் கோள்களும் உலவும் இராசிச் சக்கரத்தை 24 பங்குகளாகப் பிரித்து, ஐரோப்பாவின் 24 வானியலாளர்களுக்குப் பங்கிட்டுத் தேடுவது என்று முடிவு செய்தார்கள். 'வான்காவலர்' என்று இந்தக் கூட்டத்துக்கு ஒரு செல்லப் பெயரும் வந்தது.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் கோளைக் கண்டவர் இந்தத் தேடலில் இறங்கியவர் அல்ல. அவருடைய பெயர் அழைக்க வேண்டியவர்களின் பட்டியலில் இருந்தது. ஆனால் அழைப்பு அவர் கைக்குப் போய்ச் சேருமுன்பே விஷயம் நடந்து முடிந்துவிட்டது.

பலேர்மோவின் மாளிகைக் கோபுரம்

அவர் ஜூசெப்பே பியாஸி, சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கத் துறவி. அங்குள்ள அரச மாளிகையின் கோபுரமொன்றின் மேல் 1790 அளவில் அவருடைய வானாய்வுக்கூடம் அமைந்தது. பலேர்மோ என்றதும் நம் வாசகர்களுக்கு வேறொரு ஞாபகமும் வரும். 831 முதல் 1072 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்த நகரம் அது. அரபு ஆட்சியாளரின் கோட்டை இருந்த இடத்தில் நோர்மன் மன்னர்கள் எழுப்பிய மாளிகைதான் இது. இரண்டாம் ரோஜர் மன்னருக்காக அல் இத்ரீஸி தம் புகழ்பெற்ற உலகப் படத்தை 1154இல் முடித்துக் கொடுத்ததும் இந்த நகரின் அரசவையில்தான். அதனால் சீரிஸைக் கண்டதில் முஸ்லிம்களுக்குப் பங்கு உண்டு என்று இழுத்துச் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சரியுமல்ல. ஆனால் பியாஸியின் கருவி அளந்த 'அஸிமத்' என்ற திசைக்கோணத்தின் பெயர், திசை எனப் பொருள்படும் 'ஸம்த்' என்ற அரபுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்தது. தலைக்கு நேர்மேலே உள்ள உச்சிப்புள்ளிக்கு ஐரோப்பியர் வழங்கும் 'செனித்' என்ற பெயரும் அதே சொல்லின் வழிதான். அறிவு கைமாறி வந்த தடம் சொற்களில் தங்கியிருக்கிறது. நாம் உரிமையோடு சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

பியாஸி இங்கிலாந்துக்குப் போய், லண்டனின் பெயர்பெற்ற கருவி வினைஞரான ராம்ஸ்டனிடம் ஐந்து அடி விட்டமுள்ள ஒரு வட்டக் கருவியைச் செய்வித்து 1789இல் பெற்றுக்கொண்டார். உடுக்களின் இடங்களை நுட்பமாக அளந்து ஒரு பட்டியல் தயாரிப்பதே அவருடைய நோக்கம். ஒரு உடுவை ஒரே இரவில் அளந்துவிட்டு விடுவதில்லை. பல இரவுகள் திரும்பத் திரும்ப அளந்து பார்த்துத்தான் பதிவார். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை. ஆனால் சீரிஸை அவருக்குக் காட்டிக்கொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

1801 ஜனவரி 1ஆம் திகதி இரவு இடப இராசிப் பகுதியில் ஒரு மங்கலான உடுவை அவர் குறித்துக்கொண்டார். மறுநாள் வழக்கம்போலத் திரும்ப அளந்தால் அது இருந்த இடம் சற்று மாறியிருந்தது. முதல்நாள் அளவில் பிழையோ என்றுதான் முதலில் நினைத்தார். மூன்றாம் நாளும் நகர்ந்திருந்தது. நான்காம் நாளும் நகர்ந்திருந்தது. உடு நகராது. ஆகவே இது உடு இல்லை.

ஜனவரி 24இல் மிலானில் இருந்த நண்பர் ஒரியானிக்கும் பேர்லினில் இருந்த போடேக்கும் கடிதம் எழுதினார். வெளியே சொன்னது வால்வெள்ளி என்று. நண்பருக்கு மட்டும், இதற்கு வாலோ புகைபோன்ற மங்கலோ இல்லை, மெதுவாகவும் சீராகவும் நகர்கிறது, வால்வெள்ளியைவிட மேலான ஒன்றாகவும் இருக்கலாம் என்று தயங்கித் தயங்கித் தெரிவித்தார். பெப்ரவரி 11 வரை 24 இரவுகள் பார்த்தார். அதற்கிடையில் நோயும் வந்தது. சீரிஸும் சூரியனின் பக்கமாகப் போய் ஒளியில் மறைந்துவிட்டது.

தொலைந்த புள்ளி

அப்போது ஐரோப்பாவில் நெப்போலியன் காலத்துப் போர்கள். தபால் மெதுவாகத்தான் போகும். போடேயின் கைக்குக் கடிதம் சேரும்போது மார்ச் பிறந்துவிட்டது. வானத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, தாமே சுற்றுப்பாதையைக் கணித்துவிட வேண்டும் என்ற ஆசையில் பியாஸி தம் அளவுகள் எல்லாவற்றையும் உடனே கொடுக்கவுமில்லை. முழு விபரமும் அச்சில் வந்தது செப்டெம்பரில், சாக் நடத்திய மாத சஞ்சிகையில். கண்டவருக்குத் தம் கண்டுபிடிப்பின் மேல் உரிமை உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கையிலிருந்த தரவை இறுக்கிப் பிடித்த அந்த மாதங்களில் கோளே கைநழுவிப் போகப் பார்த்தது.

இந்தக் கணக்கு ஏன் கடினம் என்று கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். சீரிஸ் சூரியனை ஒருமுறை சுற்ற 4.6 ஆண்டுகள் எடுக்கிறது. பியாஸி பார்த்தது 41 நாட்கள்தான். அந்தக் காலத்தில் அது வானத்தில் கடந்த தூரம் ஏறக்குறைய 3 பாகை, அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த நீளம். அது எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு தூரத்தில் என்பது தெரியாது. அதோடு, நாம் நின்று பார்க்கும் பூமியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும் ரயிலிலிருந்து இன்னொரு வண்டியைச் சில நொடிகள் பார்த்துவிட்டு, அது நாளைக்கு எந்த ஊரில் நிற்கும் என்று சொல்லச் சொன்னால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அப்போதிருந்த வழி ஏதாவது ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. கோள் என்றால் பாதை வட்டம் என்று வைத்துக் கணிப்பார்கள், வால்வெள்ளி என்றால் பரவளைவு என்று வைத்துக் கணிப்பார்கள். சீரிஸ் விஷயத்தில் ஆளுக்கொரு விடை வந்தது.

அப்போது 24 வயதேயான கார்ல் பிரீட்ரிக் கௌஸ் இதைக் கையில் எடுத்தார். வட்டம் என்றோ பரவளைவு என்றோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கெப்ளர் சொன்னபடி நீள்வட்டம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு நீள்வட்டப் பாதையின் அளவு, வடிவம், சாய்வு, அதில் பொருள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். ஒரு தடவை பார்த்தால் வானத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். மூன்று தடவை பார்த்தால் ஆறு. ஆகவே ஜனவரி 1, ஜனவரி 21, பெப்ரவரி 11 ஆகிய மூன்று நாட்களின் அளவுகளைக் கொண்டே பாதையைக் கணித்தார். சொல்லும்போது லேசாக இருக்கிறது. செய்யும்போது கணக்குக்கு மேல் கணக்குப் போட்டு, வந்த விடையைத் திரும்ப உள்ளே போட்டுத் திருத்தி, மற்ற நாட்களின் அளவுகளோடும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலம் அது.

கௌஸ் சொன்ன இடம் மற்றவர்கள் சொன்ன இடங்களிலிருந்து பல பாகை தள்ளியிருந்தது. சாக் அதைப் பிரசுரித்துவிட்டு அந்த இடத்திலேயே தேடினார். 1801 டிசம்பர் 31ஆம் திகதி இரவு சீரிஸ் அங்கே இருந்ததை உறுதிப்படுத்தினார். அடுத்து ஓல்பர்ஸும் தனியாகக் கண்டார். பியாஸி கண்ட நாளிலிருந்து சரியாக ஒரு வருடம். கௌஸ் தம் முறையை மேலும் செப்பனிட்டு 1809இல் நூலாக வெளியிட்டார். அந்த வழி சுற்றுப்பாதைக் கணிதத்துக்கு அடித்தளமானது.

சீரிஸின் தூரம் 2.77 என்று வந்தது. விதி சொன்னது 2.8. டிட்டியஸ் - போடே விதிக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்? ஆனால் 1846இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டபோது விதி சொன்ன 38.8 எங்கே, உண்மையான 30.1 எங்கே என்று ஆகிவிட்டது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பௌதிகக் காரணமும் அந்த விதியில் இல்லை. எண்ணோடு எண்ணைப் பொருத்திக் காட்டி அதிசயம் என்று பரப்புகிற பழக்கம் நம்மத்தியிலும் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த விதியின் கதையைச் சொல்லலாம். ஏழெட்டு இடங்களில் எண் பொருந்திவருவது தேடுவதற்குத் தூண்டுதலாகலாம், ஆதாரமாக முடியாது. கௌஸின் கணக்கு நின்றதற்குக் காரணம், அது இந்த இரவில் இந்த இடத்தில் பாருங்கள் என்று சொன்னது. பார்த்தார்கள், இருந்தது. இல்லாதிருந்தால் அந்தக் கணக்கையும் தள்ளியிருப்பார்கள்.

பெயரும் பதவியும்

பியாஸி வைத்த பெயர் 'சீரிஸ் பெர்டினாண்டியா'. சீரிஸ் என்பது உரோமரின் தானியத் தெய்வம், சிசிலித் தீவோடு நெருக்கமாகப் பேசப்படுவது. பெர்டினாண்ட் என்பவர் அவரை ஆதரித்த மன்னர். வெளிநாட்டவர் மன்னரின் பெயரை ஏற்கவில்லை. அது உதிர்ந்துபோய்ச் சீரிஸ் மட்டும் மிஞ்சியது. 1803இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மூலகத்துக்கு இந்தக் கோளை வைத்தே சீரியம் என்று பெயரிட்டார்கள். மன்னர் பெயர் போனாலும் பியாஸியின் உதவியாளர் பெயர் வானத்தில் நிலைத்துவிட்டது. 1814இல் வெளிவந்த பலேர்மோ உடுப்பட்டியலில் சுவலோசின், ரோட்டனெவ் என்று இரண்டு உடுக்களின் பெயர்கள் இருந்தன. அவை நிக்கொலாவுஸ் வெனாட்டர் என்பதைப் பின்னிருந்து முன்னாக எழுதியவை. நிக்கொலோ கச்சியாத்தோரே என்ற உதவியாளரின் பெயருக்கு இலத்தீன் வடிவம் அதுதான். இன்றும் அவை வழக்கில் உள்ளன.

சீரிஸைக் கோள் என்றே முதலில் எண்ணினார்கள். ஆனால் 1802இல் பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என்று அதே பகுதியில் அடுத்தடுத்து வந்தன. 1845க்குப் பின் இன்னும் வேகமாகப் பெருகின. எல்லாவற்றையும் கோள் என்றால் பட்டியல் தாங்காது. எனவே அவற்றைத் தனி வகுப்பாக்கி இலக்கமிட்டார்கள். சீரிஸுக்கு இலக்கம் 1. 2006 ஓகஸ்டில் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம், தன் ஈர்ப்பினால் உருண்டை வடிவம் பெற்றிருந்தும் தன் பாதையைத் தனதாக்கிக் கொள்ளாதவற்றுக்குக் 'குறுங்கோள்' என்ற வகுப்பை உண்டாக்கியது. புளூட்டோ அதற்குள் இறங்கியது, சீரிஸ் அதற்குள் ஏறியது. மாணவர்கள் குழம்புவது இங்கேதான். சிறுகோள், குறுங்கோள் இரண்டுமே தமிழில் சின்னக் கோள் என்றுதான் ஒலிக்கின்றன. சிறுகோள் பட்டியில் வாழ்கிற ஒரேயொரு குறுங்கோள் சீரிஸ் என்று சொல்லிக்கொடுத்தால் குழப்பம் தீரும்.

எப்படிப்பட்ட உலகம்?

சீரிஸின் விட்டம் சுமார் 940 கிலோமீற்றர். நமது சந்திரனின் விட்டத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம். தன்னைத்தானே சுற்ற 9 மணித்தியாலமும் சில நிமிடங்களும் எடுக்கிறது. பூமியில் 70 கிலோ நிறையுள்ள ஒருவர் அங்கே 2 கிலோ போலத்தான் உணர்வார். பட்டியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்கள் அறியப்பட்டுள்ளன. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தாலும் சந்திரனின் திணிவில் நூறில் நான்கு பங்குகூட வராது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிஸ் ஒன்றே. உடைந்துபோன ஒரு பெரிய கோளின் துண்டுகள் இவை என்று ஓல்பர்ஸ் கருதினார். இந்தத் திணிவைப் பார்த்தாலே அந்தக் கருத்து நிற்காது என்று விளங்கும். பக்கத்திலிருந்த வியாழனின் ஈர்ப்புக் குழப்பியதால் ஒரு கோளாகத் திரள முடியாமல் போன மிச்சங்கள் என்பதே இன்றைய விளக்கம்.

அதன் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.16 கிராம். நீர் 1, சாதாரண பாறை ஏறக்குறைய 3. அப்படியானால் சீரிஸ் வெறும் பாறையல்ல, கணிசமான அளவு பனிக்கட்டியும் கலந்தது என்று ஊகிக்கலாம். 2014இல் ஹேர்ஷல் விண் தொலைகாட்டி சீரிஸிலிருந்து நீராவி வெளிப்படுவதைக் கண்டதாக அறிவித்தது.

நேரில் போய்ப் பார்த்தது நாசாவின் 'டோன்' விண்கலம். 2007இல் புறப்பட்டு, முதலில் வெஸ்டாவை ஒரு வருடத்துக்கு மேல் சுற்றிப் பார்த்து, 2015 மார்ச் 6இல் சீரிஸை அடைந்தது. பூமிக்கும் சந்திரனுக்கும் அப்பால் இரண்டு உலகங்களை அடுத்தடுத்துச் சுற்றிய முதல் விண்கலம் அதுதான். சீரிஸின் மேற்பரப்பு கரி போலக் கறுப்பு, விழும் ஒளியில் பத்திலொரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அந்தக் கறுப்புக்கு நடுவே 92 கிலோமீற்றர் அகலமான ஒக்கேட்டர் என்ற குழியில் வெள்ளை வெளேரென்று பொட்டுகள் தெரிந்தன. அவற்றில் பெருமளவு இருப்பது சோடியம் காபனேற்று, நாம் சலவைச் சோடா என்கிறோமே, அதுதான். உப்பளம் பார்த்தவர்களுக்கு இது எப்படி வந்தது என்று உடனே விளங்கும். உள்ளேயிருந்து உப்புநீர் கசிந்து மேலே வந்திருக்கிறது. காற்றில்லாத வெளியில் நீர் ஆவியாகிப் போய்விட்டது, உப்பு படிந்து மிஞ்சியிருக்கிறது. சோடியம் குளோரைட்டு நீரோடு பிணைந்த ஒரு கனியத்தையும் அங்கே கண்டார்கள். அது அப்படியே நெடுங்காலம் இருக்காது, காய்ந்துவிடும். இன்னும் காயவில்லை என்றால் உப்புநீர் அண்மைக் காலத்திலும் மேலே வந்திருக்க வேண்டும். அந்தக் குழிக்குக் கீழே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஆழத்தில் உப்புநீர்த் தேக்கம் இருப்பதாக 2020இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள்.

அஹுனா மொன்ஸ் என்று சுமார் 4 கிலோமீற்றர் உயரமான தனிமலையும் அங்கே உண்டு. நெருப்புக் குழம்புக்குப் பதிலாக உப்பும் சேறும் பனியும் பிதுங்கி எழுந்த குளிர் எரிமலை அது என்று கருதுகிறார்கள். ஏர்னுட்டெட் என்ற குழியருகே காபன் அடங்கிய சேதனச் சேர்வைகளும் கண்டறியப்பட்டன. களிமண் கனியங்களில் அமோனியா கலந்திருக்கிறது. அமோனியா சூரியனுக்குத் தொலைவான குளிர்ப் பகுதிக்கு உரியது. ஆகவே சீரிஸோ அதன் மூலப்பொருளோ அங்கிருந்து வந்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. தானியத் தெய்வத்தின் பெயர் என்பதால் அங்குள்ள இடங்களுக்கெல்லாம் வேளாண்மைத் தெய்வங்களின் பெயரும் அறுவடை விழாக்களின் பெயரும்தான். வரிசையாக அமைந்த ஒரு குழிச்சங்கிலிக்குப் 'பொங்கல்' என்று பெயர். தமிழ்ச்சொல் ஒன்று அங்கேயும் போயிருக்கிறது.

2018 ஒக்டோபர் இறுதியில் டோனின் எரிபொருள் தீர்ந்தது. அது இப்போது பேச்சில்லாமல் சீரிஸைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீரும் சேதனப் பொருளும் உள்ள இடம் என்பதால், பூமியின் நுண்ணுயிர் ஏதாவது ஒட்டிக்கொண்டு போய் விழுந்துவிடக் கூடாதென்று, பல பத்தாண்டுகளுக்குக் கீழே விழாத பாதையில் அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஒளிப்புள்ளியாக மட்டும் தெரிந்த ஒன்று இன்று மலையும் உப்பும் உள்ள உலகமாகத் தெரிகிறது. மறுநாளும் அதே இடத்தைத் திரும்ப அளந்த ஒருவரும், பிழைபிடிக்க வசதியாகத் தம் கணக்கை வெளியே சொன்ன ஒருவரும், அந்தக் கணக்கை நம்பிக் குளிர்கால இரவில் பார்த்த ஒருவரும் இருந்ததால்தான் அது நடந்தது. அந்த மூவரையும் ஒரு மாணவனுக்கு அறிமுகப்படுத்திவிட்டால், சிறுகோள் பட்டி பற்றிய அந்த ஒரு வரி அவனுக்கு மறக்காது.